டேபிள் புராணம்: ஹைதராபாத் காண்டம்

ஹைதராபாத்தில் முதன்முதலாக டேபிள் போட்டு லேஅவுட் செய்தவர் முகமது குலி குத்ப் ஷா. ஆண்டு 1591. கோல்கொண்டாக் கோட்டையில் நெரிசல் தாங்காமல் மூசி நதிக்குத் தெற்கே புது ஊர் வேண்டும் என்று முடிவெடுத்த சுல்தான், வேலையைத் தன் பேஷ்வா மீர் மோமின் அஸ்தராபாதியிடம் விட்டார். மீர் மோமின் நடுவில் சார்மினாரை நட்டார். நாலு திசைக்கும் நாலு சாலை இழுத்தார். இரண்டு வரிசை, இரண்டு பத்தி. ஆக மொத்தம் நாலு செல். வடமேற்குச் செல் அரண்மனைகளுக்கு, மீதியில் மற்றவர்கள் சௌகரியம்போல உட்கார்ந்துகொள்ளலாம். "ஐயா, உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு, இரண்டையும் இப்படிக் கலக்கலாமா?" என்று அவரிடம் போய் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. செய்தவர்களைக் கவனிக்கக் கோட்டையில் வசதிகள் இருந்தன.

நானூறு ஆண்டுகள் கழித்து, அதே ஊரின் அமீர்பேட்டையில் படித்த இருபத்திரண்டு வயதுப் பையன்கள் யாரோ ஒரு அமெரிக்க வாடிக்கையாளரின் விண்ணப்பப் படிவத்துக்கு இரண்டு பத்தி டேபிள் போட்டபோதுதான் உலகம் விழித்துக்கொண்டு "பாவம், பாவம்" என்றது. சண்டை பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. தூக்கச்சேதம் கணக்கில்லை.

சண்டை எதனால்? படிவம் என்றால் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் கட்டம். தாலுகா அலுவலகத்தில் அடிக்குச்சியும் பென்சிலும் வைத்திருக்கும் எந்த குமாஸ்தாவும் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டுத் தருவார். கேள்வி நீளமோ குட்டையோ, கட்டங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தொடங்கும். இந்தச் சின்ன விஷயம் உலகளாவிய வலையைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை நெய்தது இயற்பியல்காரர்கள் கட்டுரை பரிமாறிக்கொள்ள. அணுவுக்குள் இருப்பதை ஒன்றோடொன்று மோதவிடுகிற மனிதர்களுக்குப் பெயர்க் கட்டமும் முகவரிக் கட்டமும் கொஞ்சம் முன்னே பின்னே நின்றால் என்ன கெட்டுப்போகும்?

வலைப்பக்கங்கள் எழுதப்படும் மொழி எச்டிஎம்எல், அதன் கட்டளைக் குறிகள் டேக். 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 படிவத்துக்கு வேண்டிய எல்லா டேக்கும் கொடுத்தது. எழுதும் பெட்டி உண்டு, டிக் அடிக்கும் பெட்டி உண்டு, அனுப்பும் பொத்தான் உண்டு. நேராக நிறுத்த மட்டும் வழி இல்லை. 'பெயர்' என்ற சொல்லுக்கான கட்டம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 'நிரந்தர முகவரி, பின்கோடுடன்' என்பதற்கான கட்டம் திரையின் நடுவில் போய் நிற்கும். ஸ்பேஸ் தட்டி நகர்த்தலாம் என்றால், நாம் இருபது தட்டினாலும் பிரவுசர் அதை ஒன்று என்றே எண்ணும். மொத்தப் படிவமும் தீபாவளிக்கு மறுநாள் காலை ரேஷன் கடை வரிசை மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டேபிள் வந்தது. டேவ் ராகெட் போன்றவர்கள் அதை வடிவமைத்தது அட்டவணைக்காக: ரயில் நேரம், விலைப்பட்டியல், சோதனை முடிவுகள். 1995இல் நெட்ஸ்கேப் 1.1 பிரவுசர் அதைக் காட்டத் தொடங்கியது. ராகெட்டின் பெயரில் முறையான ஆவணம் 1996 மே மாதம்தான் வந்தது. அதற்குள் ஊர் முழுக்க டேபிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பார்டரைப் பூஜ்யமாக்கினால் கோடு மறைந்துவிடும், கட்டம் மட்டும் நிற்கும் என்பதை யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அப்புறம் செய்தித்தாள், கடை, காதல் கடிதம், எல்லாமே டேபிள்.

இந்தக் கலைக்கு இலக்கணம் எழுதியவர் டேவிட் சீகல் என்ற அமெரிக்கர். அசத்தலான வலைத்தளங்கள் படைப்பது எப்படி என்று 1996இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் பிரபலமானது ஒற்றைப் புள்ளிப் படம். ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், நிறமே இல்லாத ஒரு ஜிஃப். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படத்தை இழுத்து நீட்டி, எங்கே எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அங்கே செருகலாம். ஒன்றுமில்லாததைக் கொண்டு உலகத்தைத் தாங்கிப் பிடிக்கும் இந்தத் தத்துவம் நம்மவர்களுக்குப் புரியச் சிரமமே இல்லை. அடுத்த வருடமே சீகல் மனம் திரும்பி, வலையைக் கெடுத்தவன் நான்தான் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையை விடப் புத்தகம்தான் அதிகம் பரவியது. மனந்திரும்புதலுக்கு என்றைக்கு நல்ல மார்க்கெட் இருந்திருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், நோய் பரவுவதற்கு முன்பே மருந்துச்சீட்டு தயார். 1994 அக்டோபர் 10 அன்று, அதே செர்னில் வேலை பார்த்த நார்வேக்காரர் ஹோக்கன் வியும் லீ, ஸ்டைல்ஷீட் என்ற யோசனையை முன்வைத்தார். என்ன சொல்கிறோம் என்பது ஒரு கோப்பில் இருக்கட்டும், எப்படித் தோன்ற வேண்டும் என்பது வேறு கோப்பில் இருக்கட்டும் என்பது சாரம். நெதர்லாந்துக்காரர் பெர்ட் போஸ் கூட்டுச் சேர்ந்தார். 1996 டிசம்பர் 17 அன்று சிஎஸ்எஸ் என்ற பெயரில் ஸ்டைல்ஷீட் மொழியின் முதல் பதிப்பு அதிகாரபூர்வமானது. அதில் படிவத்தை அடுக்க ஏதாவது உருப்படியான கருவி இருந்ததா? மிதக்கவிடும் 'ஃபுளோட்' ஒன்று இருந்தது. படத்தை ஓரமாக ஒதுக்கிச் சுற்றிலும் எழுத்து ஓட விடுவதற்கு ஏற்பட்டது அது. அதை வைத்துக்கொண்டுதான் பின்னால் ஒரு தலைமுறையே படிவம் கட்டியது. டேபிள்காரர்கள் அட்டவணையைத் திருடினார்கள், ஸ்டைல்ஷீட்காரர்கள் படத்துக்கான ஒதுக்கத்தைத் திருடினார்கள். இரண்டு தரப்புமே திருட்டு மாட்டை வைத்து உழுதவர்கள்தான். ஒரு தரப்பு மட்டும் நெற்றியில் திருநீறு பூசியிருந்தது.

பிரவுசர்களும் ஒத்துழைத்தால்தானே? 1996இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 சிஎஸ்எஸ்ஸைப் பாதி புரிந்துகொண்டது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4 இன்னும் விசேஷம். உள்ளுக்குள் அது ஸ்டைல்ஷீட்டை ஜாவாஸ்கிரிப்டாக மொழிபெயர்த்துப் படித்தது. பாதுகாப்புக்காக யாராவது ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் பக்கத்தின் அலங்காரமும் சேர்ந்து அணைந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் விளக்கும் போய்விடுகிற வீட்டில் குடியிருந்தது போன நூற்றாண்டின் இணையம்.

இப்போது ஹைதராபாத்துக்கு வருவோம்.

1995இல் ஆந்திர முதல்வரான சந்திரபாபு நாயுடு, மாநிலத்தை ஒரு கம்பெனி என்றும் தன்னை அதன் சிஇஓ என்றும் பத்திரிகைகள் எழுதும்படி பார்த்துக்கொண்டார். 1997இல் டெல்லி வந்த பில் கேட்ஸிடம் மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினார். பத்து நிமிடச் சந்திப்பு நாற்பது நிமிடமாக நீண்டது என்பது ஆந்திராவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் இந்திய மேம்பாட்டு மையத்தை ஹைதராபாத்தில் திறந்தது. அதே ஆண்டு நவம்பர் 4இல் பத்திரப்பதிவு அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் 'கார்ட்' திட்டம் தொடங்கியது. நவம்பர் 22இல் பிரதமர் வாஜ்பாய் வந்து சைபர் டவர்ஸைத் திறந்துவைத்தார். பத்து மாடி, வட்டக் கட்டடம். உள்ளே நாலு கால்வட்டங்கள், நடுவில் நீரூற்று. உற்றுப் பார்த்தால் மீர் மோமினின் அதே டெம்ப்ளேட், ஓரம் மட்டும் வளைத்தது. வளைந்த ஓரம் என்பது அன்றைய இணையத்தில் மகா கஷ்டமான காரியம். மூலைக்கொன்றாக நாலு வட்டத்துண்டுப் படம் வெட்டி, ஒன்பது செல் டேபிளின் நாலு மூலையில் செருகவேண்டும். எல் அண்ட் டி நிறுவனம் அதைக் கான்கிரீட்டில் சுலபமாகச் செய்துவிட்டது.

2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் வந்தார். இந்த ஊரில் ஓட்டுநர் உரிமத்தைக்கூடக் கணினி வழியாக வாங்கலாமாமே என்று மேடையில் வியந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25இல் 'ஈசேவா' தொடங்கியது. மின்கட்டணம், தண்ணீர் வரி, பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரே கவுன்ட்டரில். நிஜாம் காலத்திலிருந்து பாரசீகத்திலும் உருதுவிலும் பிறகு தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படிவம் நிரப்பியே பழகிய ஊர், படிவத்தைக் கண்டால் அலறாது. ஊருக்கு ஆகாத ஒன்று, படிவத்தில் கோணல்.

சைபர் டவர்ஸ் என்பது கண்காட்சி. தொழிற்சாலை அமீர்பேட்டையில் இருந்தது. மைத்ரிவனம், ஆதித்யா என்க்ளேவ் சுற்றுவட்டாரத்தில் கட்டடத்தின் சுவர் எது, ஜன்னல் எது என்று தெரியாத அளவுக்குப் பலகைகள். ஜாவா, ஆரக்கிள், மெயின்ஃபிரேம், டாட் நெட். முதல் வகுப்பு இலவசம். ஒரே அறையில் நூறு பேர், ஒரே மைக், ஒரே சாக்பீஸ். கீழே ஜெராக்ஸ் கடையில் பாடப்புத்தகம் எடைக்குப் போடுவதுபோலக் கட்டிக் கிடக்கும். எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல்களில் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் கோங்குரா சட்னியின் காரத்தில் கண்ணீர் விட்டபடி செல்லுக்குள் விடும் இடைவெளியான செல்பேடிங்குக்கும் செல்களுக்கு நடுவே விடும் செல்ஸ்பேசிங்குக்கும் வித்தியாசம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்து பாருங்கள். நம் பையன் ஒருவன் தைரியமாகக் கை தூக்குகிறான்.

"சார், புக்குல ஸ்டைல்ஷீட்னு ஒண்ணு போட்டிருக்கே, அதுல ஃபார்ம் அலைன் பண்ண முடியாதா சார்?"

மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தமிழனா என்று தெலுங்கில் கேட்கிறார். "ஏம் பாபு, அரவமா நுவ்வு?"

"ஆமா சார். தஞ்சாவூர்."

"அதி இன்டர்வ்யூலோ அடகரு பாபு. கூர்ச்சோ."

இன்டர்வியூவில் கேட்காத விஷயத்துக்கு அமீர்பேட்டையில் இடம் கிடையாது. அந்த ஊரின் அறிவியல் கொள்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஐஐடிக்குள் நுழைய முடியாத ஒரு கூட்டத்தையே கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் இறக்கிய கொள்கை அது.

அந்த மாஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த டேபிள் சாத்திரத்தில் நுணுக்கங்கள் உண்டு. முதல் மந்திரம்: பார்டர் பூஜ்யம், செல்பேடிங் பூஜ்யம், செல்ஸ்பேசிங் பூஜ்யம். டேபிள் திறந்ததும் இதை உச்சரிக்காதவன் உருப்படமாட்டான். கோளாறு வந்தால் பார்டரை ஒன்றாக்கிப் பார். எந்தச் செல் வீங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே மாதிரி தெரியும். கேள்வி இடது செல்லில், வலப்பக்கம் ஒதுங்கி. கட்டம் வலது செல்லில், இடப்பக்கம் ஒதுங்கி. கட்டாயம் நிரப்பவேண்டியதற்குச் சிவப்பு நட்சத்திரம். கடைசி வரிசையில் இரண்டு செல்லையும் ஒன்றாக்கி நடுவில் 'சப்மிட்', பக்கத்திலேயே 'ரீசெட்'. இந்த ரீசெட் பொத்தானைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கோபம் உண்டு. முப்பது கட்டம் நிரப்பிய களைப்பில் கை தவறினால் எல்லாம் அழிந்துவிடும். அதை எதற்காக அனுப்பும் பொத்தானுக்குச் சம்பந்தி வீட்டார் மாதிரி பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை டேபிள் கட்சியும் கேட்கவில்லை, ஸ்டைல்ஷீட் கட்சியும் கேட்கவில்லை.

இன்னொரு ரகசியம்: எக்ஸ்புளோரரில் ஃபார்ம் டேக் கீழே ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகும். அதைத் தவிர்க்க, ஃபார்மை டேபிளுக்குள்ளும் போடாமல் வெளியிலும் போடாமல், டேபிள் தொடங்கி வரிசை தொடங்காத அந்த இடுக்கில் செருகினார்கள். நரசிம்மர் இரணியனை முடித்த வாசற்படி மாதிரி ஒரு இடம். இலக்கணப்படி தப்பு. எல்லா பிரவுசரிலும் வேலை செய்தது.

காலிச் செல் விஷயம் முக்கியம். செல்லுக்குள் ஒன்றுமில்லை என்றால் நெட்ஸ்கேப் அந்தச் செல்லையே மதிக்காது. பின்னணி நிறம்கூடப் பூசாது. ஆகவே காலியாக இருக்கும் செல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றெழுத்தை நிரப்பவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் செல் நிறைந்திருப்பதாகத் தோன்றும். ஊரில் இந்த வித்தையை ஆழமாகக் கற்றவர் சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜுதான் என்று சொல்லவேண்டும். 2009 ஜனவரி 7 அன்று அவரே எழுதிய கடிதத்தில், கம்பெனிக் கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். டேபிள் வரலாற்றில் அத்தனை பெரிய வெற்றெழுத்தை யாரும் ஒரு செல்லுக்குள் வைத்ததில்லை.

டேபிளின் குறை என்ன? நிஜமாகவே குறைகள் இருந்தன. டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள் என்று ரஷ்யப் பொம்மை மாதிரி போகும். நெட்ஸ்கேப் 4 ஒரு டேபிளின் முடிவைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு எழுத்தைக்கூடத் திரையில் காட்டாது. டயல்-அப் இணைப்பில், மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி அடங்கியபின், இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்திருப்பவர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் காசு கட்டவேண்டும். டேபிளை மூடும் டேக்கை எழுத மறந்துவிட்டாலோ, பக்கம் மோட்சம் அடைந்துவிடும். எக்ஸ்புளோரர் அதை மன்னித்துக் காட்டும். மன்னிக்கும் குணத்தால்தான் எக்ஸ்புளோரர் ஜெயித்தது என்று நினைக்கிறேன். சட்டத்தை மதித்த பிரவுசர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் நல்லபடியாகத் தோற்றன.

அடுத்து சீர்திருத்தவாதிகள். 1998இல் அமெரிக்காவில் வலைத் தரநிலைகளுக்காக ஒரு குழு கிளம்பியது. 2002 அக்டோபரில் 'வயர்டு' செய்தித்தளம் டேபிளை உதறி ஸ்டைல்ஷீட்டுக்கு மாறியது. 2003இல் அந்தத் தரநிலைகளைப் பற்றி ஜெஃப்ரி ஜெல்ட்மனின் புத்தகம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் டேவ் ஷே 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கினார். ஒரே பக்கம், ஸ்டைல்ஷீட்டை மாற்ற மாற்றப் பூங்கா, கடல், சர்க்கஸ் என்று தோற்றம் மாறும். பார்த்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். எழுந்தபோது டேபிள் என்ற சொல்லையே தீட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். உண்மையான அட்டவணையைக்கூட 'டிவ்' என்ற பொதுப் பெட்டிகளாக அடுக்கிய மகான்கள் இருந்தார்கள். கோவில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுப் படி ஏறிய காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த வெறி புதிதாகத் தோன்றாது.

ஜென் கார்டனில் கவனிக்கவேண்டிய ஒன்று: அத்தனை அழகுப் பக்கத்தில் நிரப்பவேண்டிய படிவம் ஒன்றும் கிடையாது. பூந்தோட்டத்தில் யார் பிறந்த தேதி கேட்பார்கள்?

படிவம் என்று வந்ததும் ஸ்டைல்ஷீட்காரர்களின் சாயம் வெளுத்தது. கேள்வியை இடப்பக்கம் மிதக்கவிடு, அகலம் 150 பிக்சல் கொடு, கட்டம் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும் என்றார்கள். நின்றது. ஃபயர்ஃபாக்ஸில். எக்ஸ்புளோரர் 6இல் மிதப்பதன் ஓர இடைவெளி இரட்டிப்பாகிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் மூன்று பிக்சல் தள்ளிவிடும். சிலசமயம் எழுத்தே மறைந்துவிட்டு, ஜன்னலைக் குறுக்கி நீட்டினால் கள்ளத்தனமாக எட்டிப்பார்க்கும். இதற்கெல்லாம் பரிகாரம் உண்டு. உயரம் ஒரு சதவீதம் என்று எழுதினால் தோஷம் நீங்கும். அதற்கு 'ஹாலி ஹேக்' என்று பெயர். ஏன் நீங்குகிறது என்று கேட்கக் கூடாது. சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றுகிறவர்கள் கேட்கிறார்களா?

எல்லாவற்றுக்கும் சிகரம் பெட்டி அகலச் சண்டை. ஒரு பெட்டிக்கு 200 பிக்சல் அகலம் என்றால், ஓரப் பஞ்சும் (பேடிங்) கோடும் (பார்டர்) அதில் சேர்த்தியா, தனியா? தனி என்றது சிஎஸ்எஸ் சாத்திரம். சேர்த்தி என்றது எக்ஸ்புளோரர் 5. கடையில் இருநூறு பக்க நோட்டு கேட்டால் அட்டையையும் எண்ணுவதா என்பது மாதிரியான தகராறு. மைக்ரோசாஃப்ட்டின் மேக் பிரவுசரில் வேலை பார்த்த டான்டெக் செலிக் இதற்கொரு தந்திரம் கண்டுபிடித்தார். கணினி எந்தக் குரலில் பேசவேண்டும் என்று சொல்ல சிஎஸ்எஸ்ஸில் ஒரு கட்டளை இருந்தது. அதற்குள் விசித்திரமாக ஒரு மேற்கோள் குறியையும் அடைப்பையும் போட்டால் விண்டோஸ் எக்ஸ்புளோரர் 5 வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பிப் போய்விடும். அது போனபிறகு மற்ற பிரவுசர்களுக்குச் சரியான அகலத்தைச் சொல்லலாம். பெரியவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து சொத்து விஷயம் பேசுவது நமக்கும் தெரிந்ததுதான். டேபிளில் வரிசை தப்பாமல் நின்ற படிவத்தை விட்டுவிட்டு இந்தச் சர்க்கஸுக்குத்தான் 'தூய்மை' என்று பெயர் வைத்தார்கள்.

ஹைதராபாத்தோ இரண்டு தரப்பையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. வாடிக்கையாளர் டேபிள் கேட்டால் டேபிள். இரண்டு வருடம் கழித்து அதே வாடிக்கையாளர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்து, "எல்லா டேபிளையும் எடுத்துவிட்டு டிவ்வாக்கிக் கொடுங்கள்" என்றால், "ஷ்யூர், நோ ப்ராப்ளம்." புது ஒப்பந்தம், புது பில். சித்தாந்தச் சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பிய ஒரே ஊர் இதுவாக இருக்கவேண்டும். அந்த வேலைக்குப் போன பையன்கள் இரவு இரண்டு மணிக்கு இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் தேடி அலைந்ததைத் தவிர, தத்துவத்தில் பெரிய ஈடுபாடு காட்டவில்லை.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? 2002இல் வந்த, வலைத்தளம் கட்டும் அதன் கருவியான ஏஎஸ்பி டாட் நெட்டில், படிவத்தைப் புரோகிராமர் கையால் எழுதவே வேண்டாம். கன்ட்ரோல்களை இழுத்துப் போட்டால் எச்டிஎம்எல்லை அதுவே கக்கும். கக்கியது பெரும்பாலும் டேபிள். ரேடியோ பொத்தான் பட்டியல் கேட்டாலும் டேபிள். இன்னும் ஒரு படி மேலே போய், வந்திருப்பது எந்தப் பிரவுசர் என்று ஆளைப் பார்த்துப் பந்தி வைத்தது. எக்ஸ்புளோரருக்கு மேல்வரிசை, அதற்கு டிவ். தெரியாத பிரவுசருக்குக் கீழ்வரிசை. நீங்கள் டிவ் என்று கொடுத்தாலும் அதை டேபிளாக மாற்றி அனுப்பும் தனிப் பகுதியே உள்ளே இருந்தது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. தரநிலைகளை எக்ஸ்புளோரரை விடப் பல மடங்கு ஒழுங்காக மதித்த பிரவுசர். ஏஎஸ்பி டாட் நெட்டின் கணக்கில் அது கீழ்வரிசை. ஆகவே தூய்மைவாதிகளின் செல்லப் பிள்ளைக்கு டேபிளும், பாவிக்கு டிவ்வும் பரிமாறப்பட்டன.

2005இல் இரண்டாம் பதிப்பு லாகின் கன்ட்ரோலைத் தந்தது. பெயருக்கு ஒரு கட்டம், கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம். அதைச் சுற்றி டேபிளுக்குள் டேபிள். திட்டு தாங்காமல் அடுத்த ஆண்டு அதை டிவ்வாக மாற்றிக்கொள்ள ஒரு துணைப்பொருளை வெளியிட்டார்கள். 2010இல் வந்த நான்காம் பதிப்பில், வெளிச்சுற்று டேபிள் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். டேபிளை ஒழிக்க எட்டு வருடம் ஆயிற்று. அதுவும் விரும்பினால் மட்டும்.

இந்த ஆரவாரத்தில் படிவத்தை நிரப்புகிறவர் என்ன ஆனார்? கண் தெரியாத ஒருவர் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வடிவமைப்பாளர் மேல் வரிசையில் கேள்விகளையும் கீழ் வரிசையில் கட்டங்களையும் போட்டிருக்கிறார். பார்ப்பதற்கு அழகு. மென்பொருள் வரிசைப்படி வாசிக்கிறது: பெயர், தந்தை பெயர், வயது, கட்டம், கட்டம், கட்டம். எது யாருடைய கட்டம்? 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 இதற்கு 'லேபிள்' என்ற டேக்கைத் தந்திருந்தது. கேள்வியையும் கட்டத்தையும் அது முடிச்சுப் போடும். கேள்வியின் மேல் கிளிக் செய்தால் கர்சர் கட்டத்துக்குள் போய் நிற்கும். நடுக்கம் உள்ள கைக்கு அந்தச் சின்ன டிக் பெட்டியைக் குறிபார்க்கும் வேலை மிச்சம். லேபிளை டேபிளுக்குள்ளும் போடலாம், டிவ்வுக்குள்ளும் போடலாம். ஒரு வரி வேலை. டேபிள் இல்லாத பரிசுத்தமான படிவங்கள் எத்தனையோ லேபிளே இல்லாமல் பல்லிளித்துக்கொண்டு நின்றன. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிமுறைகளே 2009இல்தான் வந்தன.

கடைசியில் சமாதானம் வந்த கதையும் அசல் தெலுங்குப் பட க்ளைமாக்ஸ்தான். 2009 மார்ச்சில் எக்ஸ்புளோரர் 8 வந்தது. எந்தப் பெட்டியையும் டேபிள் மாதிரி நடந்துகொள் என்று சொல்லும் வசதி 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2இலேயே உண்டு. பதினோரு வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் அதைப் படித்துப் பார்த்தது. டேபிளைப் போடாதே, ஆனால் டேபிள் போல நடி. தூய்மைவாதிகள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். அப்புறம் சிஎஸ்எஸ்ஸுக்குள்ளேயே கிரிட் என்ற கட்டமைப்பு வந்தது. வரிசை உண்டு, பத்தி உண்டு, இரண்டு செல்லை ஒன்றாக்கும் வசதி உண்டு. 2017 மார்ச்சில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் ஒரே மாதத்தில் அதை ஏற்றுக்கொண்டன. இதுதான் லேஅவுட்டின் எதிர்காலம் என்று மாநாடு போட்டார்கள். 2011இல் அந்த யோசனையை முன்வைத்து, 2012இல் எக்ஸ்புளோரர் 10இல் முதலில் செய்து காட்டியது யார்? மைக்ரோசாஃப்ட். அதற்கு நன்றி என்று ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

பெட்டி அகலச் சண்டையின் முடிவு அதைவிட ருசி. ஓரப் பஞ்சும் கோடும் அகலத்தில் சேர்த்தி என்று எக்ஸ்புளோரர் சொன்னதற்காகத்தானே அத்தனை வசவும்? அந்தக் கணக்கே சௌகரியம் என்று எல்லோருக்கும் பின்னால் புரிந்தது. 'பார்டர்-பாக்ஸ்' என்று அதற்கு மரியாதையாக ஒரு பெயர் சூட்டி சாத்திரத்துக்குள் சேர்த்தார்கள். இன்று புது ஸ்டைல்ஷீட் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளையார் சுழி மாதிரி முதலில் எழுதுவது அந்த வரியைத்தான். எக்ஸ்புளோரரோ 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றது. பென்ஷன் கிடையாது. அப்போது மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா.

டேபிள் செத்துவிட்டதா? மின்னஞ்சலைக் கேளுங்கள். 2007 பதிப்பு அவுட்லுக்கில் மைக்ரோசாஃப்ட் ஒரு காரியம் செய்தது: வரும் மடல்களை எக்ஸ்புளோரரை வைத்துக் காட்டுவதை நிறுத்திவிட்டு வேர்டை வைத்துக் காட்டத் தொடங்கியது. கடிதம் அடிக்கிற வேர்டுக்கு மிதப்பதும் தெரியாது, கிரிட்டும் தெரியாது. அட்டவணை நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து வங்கி அறிக்கை, விமான டிக்கெட், வேலை நியமன உத்தரவு என்று பெரும்பாலான நிறுவன மடல்களை டேபிளில்தான் கட்டுகிறார்கள். ஸ்டைல்ஷீட் பயிலரங்குக்கு வரச்சொல்லி சைபர் டவர்ஸ் நிற்கும் ஹைடெக் சிட்டியிலிருந்து ஒரு வண்ண அழைப்பிதழ் உங்களுக்கு வந்தால், வலது கிளிக் செய்து அதன் வயிற்றைத் திறந்து பாருங்கள்: பார்டர் பூஜ்யம், செல்பேடிங் பூஜ்யம், செல்ஸ்பேசிங் பூஜ்யம்.